மறைந்த பிறகும் தெரிந்த கை

முதல் வரிசை நாயகர்கள் யார் யார், அவர்கள் ஏன் முதல் வரிசை என்று எழுதித் தரும்படி மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். பட்டியல் போட்டுக் கொடுத்தால் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் அடுத்த ஆகஸ்டில் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். "ஸ்பைடரை எப்படி சார் மூணாவதா போட்டீங்க?" என்று ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு வரைக்கும் ஓயாது. அதனால் பட்டியல் இல்லை. முத்து காமிக்ஸும் அதன் தம்பி லயன் காமிக்ஸும் நமக்குக் கொண்டுவந்து கொடுத்தவர்களில் சிலர் மட்டும் ஏன் இன்னும் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

1972-ல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பத்து வருஷத்துக்கு முன், 1962 அக்டோபரில், லண்டனில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே பிறந்தவர் அவர். எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். கதையில் அவர் பெயர் லூயிஸ் கிராண்டேல், ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர். விபத்தில் போன வலது கைக்குப் பதில் இரும்புக்கை. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் மறையாது.

அந்தக் 'கை மட்டும் மறையாது' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்பது என் கட்சி.

எங்கள் ஊர் வாடகை நூல் நிலையத்தில் நான் முதலில் பார்த்த மாயாவி புத்தகத்துக்கு அட்டை கிடையாது. கடைக்கார அண்ணாச்சி பழுப்புத்தாள் ஒட்டி, கோணி ஊசியால் தைத்து, மேலே நீல மையில் 'மாயாவி' என்று எழுதியிருந்தார். உள்ளே தாள் சாணித்தாள் நிறம். சில பக்கங்களில் மை அப்பிக்கிடக்கும், சிலவற்றில் மை பிடிக்காமல் முகமெல்லாம் வெளிறிப் போயிருக்கும். முகத்தை வைத்து யார் நல்லவன், யார் கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கட்டத்தில், ஒரு பெரிய மின்விசைப் பலகைக்குப் பக்கத்தில், அந்தரத்தில் ஐந்து விரல்களோடு ஒரு கை. உடம்பு இல்லை, நிழல் இல்லை. எவ்வளவு மோசமான அச்சிலும் அது தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத என் தம்பிகூட விரலை வைத்து "மாயாவி" என்றான். காகிதம், மை, இயந்திரம், வாசகனின் வயசு என்று எது கைவிட்டாலும் தப்பிக்கிற அடையாளம் அது. பிளாஸ்கோ சிவகாசியை நினைத்து வரைந்திருக்க மாட்டார். ஆனாலும் சிவகாசிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி அமைந்துபோனது.

முதல் வரிசையில் இருக்கிற மற்றவர்களைப் பாருங்கள். வேதாளருக்கு மண்டையோட்டு மோதிரம். குத்து விட்டால் எதிரியின் தாடையில் அச்சு விழும். ஸ்பைடருக்குக் கூரான காதும் நெற்றியில் இறங்கும் முடியும். லக்கி லூக்குக்கு தன் நிழலையே முந்திச் சுடுகிற துப்பாக்கி. 'இரத்தப் படலம்' நாயகனுக்குத் தோளருகே பச்சை குத்திய பதின்மூன்று. பெயர் மறந்து, ஊர் மறந்து, அந்த ஒரு குறியை மட்டும் வைத்துக்கொண்டு 18 பாகம் ஓடினார். அதை மொத்தமாக 2010-ல் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாகப் போட்டபோது, தலையணைக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம் என்று கிண்டல் செய்தவர்களும் வாங்கத்தான் செய்தார்கள்.

அடையாளம் மட்டும் போதுமா என்றால் போதாது. இன்னொரு சங்கதி வேகம். 'வேலியன்ட்' வாரப் பத்திரிகை. ஒரு கதைக்கு வாரம் இரண்டு மூன்று பக்கம்தான். அடுத்த வாரம் பையன் காசோடு கடைக்கு வர வேண்டுமென்றால், கடைசிக் கட்டத்தில் யாராவது ஒருவர் எங்காவது தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். லண்டன் பையன்களுக்கு அது வாரத்துக்கு ஒரு அதிர்ச்சி. அதே தொடர் தமிழில் முழுப் புத்தகமாக வந்தபோது நமக்கு இரண்டு பக்கத்துக்கு ஒரு அதிர்ச்சி. அங்கே மாசக்கணக்கில் பரப்பி வைத்திருந்த பதற்றத்தை இங்கே ஒரே உட்காரலில் குடித்தோம். நம்ம ஊரில் அவர்கள் புகழ் ஒரு பங்கு கூடுதலாக ஏறியதற்கு இது காரணமாக இருக்கலாம் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன்.

பிறந்த ஊரில் அவர்கள் கதை வேறு. எழுபதுகளிலேயே மாயாவியின் ஆட்டம் அங்கே அடங்கிவிட்டது. 'வேலியன்ட்' 1976-ல் இன்னொரு பத்திரிகையோடு சேர்ந்து மறைந்தது. மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் கெட்டி அட்டைத் தொகுப்பு இங்கிலாந்தில் வந்தது 2005-ல். அதற்குள் இங்கே மூன்று தலைமுறை அவர்களைப் படித்து, கிழித்து, தொலைத்து, பழைய புத்தகக் கடையில் மறுபடி தேடிக்கொண்டிருந்தது. முதல் வரிசை என்பதை ஒவ்வொரு மொழியும் தானே தன் தராசில் நிறுத்துக்கொள்கிறது. பேட்மேனைப் பாருங்கள். உலகமே தூக்கி வைத்துக் கொண்டாடுகிற ஆள். நம்ம இதழ்களிலும் எட்டிப் பார்த்தார். மாயாவியைக் கேட்டு அலைகிற மாதிரி அவரைக் கேட்டு யாரும் அலைந்து நான் பார்த்ததில்லை.

இனி லயன். 1984 ஜூலையில் விஜயன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு வந்தது. அப்போது அவர் பள்ளியை விட்டு வெளியே வந்த வயசுப் பையன். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே ஜூலையில்தான் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. ஒரு பக்கம் பெட்டிக்கடை வரைக்கும் போய்ச்சேரும் தினத்தந்தி குடும்பம், இன்னொரு பக்கம் ஒரு பையன். மாடஸ்டி பிளைஸி அருமையான படைப்பு. பீட்டர் ஓடொன்னலின் வசனத்தை இன்றைக்கும் ரசிக்கிறேன். ஆனால் அரைக்கால் சட்டைக் கூட்டத்தை லயன் பக்கம் இழுத்தவன் ஸ்பைடர்தான். 'எத்தனுக்கு எத்தன்' வந்ததும் எங்கள் தெருவில் பேச்சே மாறியது.

இத்தனைக்கும் ஸ்பைடர் நல்லவன் இல்லை. குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்று கிளம்பியவன். நகைத் திருட்டோடு அறிமுகமான வில்லனை நாயகனாக வைத்து 1965-ல் 'லயன்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையில் டெட் கோவன் ஆரம்பித்தார். ரெக் பன் வரைந்தார். கொஞ்ச நாளில் எழுதும் வேலை ஜெர்ரி சீகலிடம் போனது. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்த சீகல். உலகத்தின் மிக நல்ல பிள்ளையை உண்டாக்கிய கையே மிகத் திமிர் பிடித்த பிள்ளைக்கும் வசனம் எழுதியிருக்கிறது! தன்னைத்தானே புகழ்ந்துகொண்டு, தன் ஆட்களான ஆர்டினியையும் பெல்ஹாமையும் அதட்டிக்கொண்டு, ஹெலிகாரில் பறக்கிற அந்தத் தலைக்கனம் தமிழில் பேசியபோது நமக்கு அந்நியமாகவே படவில்லை. வீர வசனத்துக்கு நம் காது கூத்திலும் சினிமாவிலும் ஏற்கெனவே பழகியிருந்தது.

தமிழில் பேசியது என்று சொல்லும்போது ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுப் படத்தில் பேச்சுக்குமிழி ஆங்கில வாக்கியத்தின் அளவுக்குத்தான் இருக்கும். தமிழில் அதே சேதி ஒன்றரை மடங்கு இடம் கேட்கும். கையால் எழுதினாலும் அச்சுக் கோத்து ஒட்டினாலும் குமிழிக்குள் அடங்கியாக வேண்டும். அதனால் வெட்டுவார்கள், சுருக்குவார்கள், ஒரு 'அடப்பாவி'யில் மூன்று வரியை முடிப்பார்கள். அந்த நெருக்கடியில்தான் காமிக்ஸ் தமிழ் என்ற ஒன்று பிறந்தது. பெயர் வைப்பதும் அங்கேதான். 'தி ஸ்டீல் கிளா' என்றால் உலோக நகம், எஃகுப் பிடி என்று எப்படியெல்லாமோ போயிருக்கலாம். 'இரும்புக்கை மாயாவி' என்று வைத்தவர் பாதி வெற்றியை அட்டையிலேயே எழுதிவிட்டார். பிறகு அந்தச் சொல்லுக்கே மவுசு வந்து, சம்பந்தமே இல்லாத கதைகளின் தலைப்பிலும் இரும்புக்கை ஏறி உட்கார்ந்தது. 1963-ல் பிரான்ஸில் ஷார்லியேயும் ஜிரோவும் படைத்த குதிரைப்படை வீரனுக்கு அவர்கள் வைத்த பெயர் புளூபெர்ரி. பழத்தின் பெயர். அதை அப்படியே விட்டிருந்தால் சப்பை மூக்கோடு பழக்கூடையும் சேர்ந்திருக்கும். இங்கே அவர் கேப்டன் டைகர் ஆனார். 'தங்கக் கல்லறை'யைப் படித்தவர்கள் யாரும் அவரை வேறு பெயரில் கூப்பிட மாட்டார்கள்.

இதுவரை சொன்னதையெல்லாம் ஒரே ஆள் வந்து கலைத்துவிடுகிறார். டெக்ஸ் வில்லர்.

1948 செப்டம்பர் 30-ல் இத்தாலியில் ஜான் லூயிஜி பொனெல்லி எழுத, கலெப்பினி வரைய வெளிவந்தவர். 'தலைவாங்கிக் குரங்கு' மூலம் 1985-ல் லயனுக்கு வந்தார். இரும்புக்கை இல்லை, முகமூடி இல்லை, மோதிரம் இல்லை. தொப்பி போட்ட ஒரு ரேஞ்சர். வன்மேற்கில் கல்லைத் தூக்கிப் போட்டால் அப்படி நூறு பேர் மேல் விழும். பெயரையும் மாற்றவில்லை. அச்சு மோசமானால் அவரும் வில்லனும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். ஆனாலும் இன்று நம் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் அதிகக் கை அவருக்குத்தான். 'தல' என்று வேறு வாசகர்களே பட்டம் கட்டிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே விடை கார்சன். வெள்ளை தாடியோடு பக்கத்தில் குதிரையில் வருகிற அந்தக் கிழம். ஊருக்குள் நுழைந்ததும் கார்சனுக்கு முதல் கவலை கொள்ளைக்காரன் இல்லை. மூன்று விரல் கனத்துக்கு வறுத்த இறைச்சியும் மலை மாதிரி உருளைக்கிழங்கு வறுவலும் எங்கே கிடைக்கும் என்பதுதான். டெக்ஸ் சீண்டுவார், கிழம் புலம்பும், உலகமே அழியப் போகிறது என்று சலித்துக்கொண்டே குறி தப்பாமல் சுடும். மாயாவி தனி ஆள். ஸ்பைடருக்கு வேலைக்காரர்கள் உண்டு, நண்பர்கள் கிடையாது. டெக்ஸுக்குத்தான் வீடு இருக்கிறது: மகன் கிட், நவஹோ சகோதரன் டைகர் ஜாக், அலுக்காமல் சண்டை போட ஒரு கார்சன். கதையின் முடிவு எல்லாருக்கும் தெரியும், டெக்ஸ் ஜெயிப்பார். அவர்களோடு கொஞ்ச தூரம் சவாரி போகத்தான் வாங்குகிறோம்.

அப்படியென்றால் மாயாவி பழைய காலத்து நாயகரா? அதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். மறுபதிப்புகள் வந்தபோது வாங்கியவர்களில் பாதிப் பேர் என் மாதிரி நரைத்தவர்கள் என்பது உண்மை. கதையில் அங்கங்கே ஓட்டை தெரிந்ததும் உண்மை. மின்சாரம் எப்போது கிடைக்கும் என்று கதாசிரியர் பாடுபடுவதை இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கை வரும் கட்டம் வந்ததும் சிரிப்பு நின்றுபோகிறது. டெக்ஸில் அப்படி ஒரு தனிக் கட்டத்தை எடுத்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. ஒரு முழு இரவுப் பயணத்தைத்தான் காட்ட முடியும். முதல் வரிசைக்கு வாசல் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்ஸின் சட்டை பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். எனக்கு முதலில் கிடைத்ததும் அட்டை போன பிரதிதான், அண்ணாச்சியின் பழுப்புத்தாள் உபயம். கறுப்பு வெள்ளையில் எத்தனையோ வருஷம் அவரோடு சுற்றினேன். பிறகு முழு வண்ணத்தில் டெக்ஸ் கைக்கு வந்த அன்று முதல் பக்கத்தைத் திறந்தேன். மனுஷன் பளீர் மஞ்சள் சட்டையில் நிற்கிறார். பழைய கூட்டாளிக்கு உடனே போன் போட்டேன்.

"மஞ்சளாமேடா?"

"ஆமாண்டா. நான் காக்கின்னு நெனச்சிருந்தேன். நீ?"

எனக்கு அது நீலம்.