வரத்து நின்ற மண்டலங்கள்: கொத்துகளில் விண்மீன் உருவாக்கம் ஏன் ஓய்கிறது?

55 கொத்துகளில் உள்ள ஏறத்தாழ 6000 விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்தி ஆலன் டிரெஸ்லர் 1980இல் ஓர் ஒழுங்கை நிறுவினார். மண்டலங்கள் நெருங்க நெருங்கச் சுருள் வடிவங்கள் அருகுகின்றன. நீள்வட்ட, வில்லை வடிவங்கள் பெருகுகின்றன. சுருள் மண்டலங்களில்தான் புதிய விண்மீன்கள் ஓயாமல் பிறக்கின்றன என்பதால், கொத்து என்னும் சூழல் அந்தப் பிறப்பைத் தடுக்கிறது என்ற முடிவு விரைவில் வேரூன்றியது. முடிவு சரியானதே. ஆனால் சூழலை நெருக்கம் என்ற ஒற்றை எண்ணாகச் சுருக்கும் வழக்கம், தடுப்பது எது என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது. ஒரு மண்டலம் இன்று எங்கே இருக்கிறது என்பதைவிட, அங்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதே அதன் நிலையைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஒரு தடையை விலக்க வேண்டும். நிறை மிகுந்த மண்டலங்கள் நெருக்கமான இடங்களில் அதிகம். அவை எங்கிருந்தாலும் முன்னதாகவே ஓய்ந்துவிடுபவை. அப்படியானால் சூழலின் விளைவாகத் தோன்றுவது நிறையின் விளைவுதானோ? யிங்ஜியே பெங்கும் கூட்டாளிகளும் 2010இல் ஸ்லோன் வான் அளவாய்வுத் தரவுகளைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினர். நிறை ஒன்றாகவே இருந்தாலும், நெருக்கமான இடத்தில் ஓய்ந்த மண்டலங்களின் விகிதம் கூடுகிறது. ஆகவே சூழலுக்கென்று தனி விளைவு உண்டு.

அந்த விளைவு எப்படி நிகழ்கிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று கன்னிக் கொத்தில் கிடைக்கிறது. அது நம்மிடமிருந்து ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவில்தான் இருப்பதால், ஒவ்வொரு மண்டலத்தின் உட்பகுதியையும் தனித்தனியே ஆராய முடிகிறது. கொத்தின் மண்டலங்களுக்கு இடையே பல கோடி பாகை வெப்பமுள்ள மெல்லிய வாயு நிறைந்திருக்கிறது. அதனூடே நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாயும் மண்டலம் பலத்த எதிர்க்காற்றைச் சந்திக்கும் என்று ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் காட்டும் 1972இல் கணித்தனர். அந்த அழுத்தம் வாயுவின் அடர்த்திக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். மண்டலத்தின் ஈர்ப்பு தளர்ந்திருக்கும் விளிம்பில்தான் வாயு முதலில் பறிபோக வேண்டும். நியூ மெக்சிகோவின் வெரி லார்ஜ் அரே தொலைநோக்கியால் நடுநிலை ஹைட்ரஜனின் 21 செ.மீ. அலையைப் பதிவு செய்தபோது இதையே கண்டார்கள். கொத்தின் மையத்துக்கு அருகிலுள்ள சுருள் மண்டலங்களில் வாயுத் தட்டு விண்மீன் தட்டைவிடச் சிறுத்திருக்கிறது. சற்றுத் தள்ளியுள்ள 7 சுருள் மண்டலங்களில் வாயு ஒரு பக்கமாக, கொத்தின் மைய மண்டலமான எம்87க்கு எதிர்த்திசையில் வாலாக நீள்கிறது. கோப்மனும் கென்னியும் 2004இல் ஹைட்ரஜன்-ஆல்பா ஒளியில் கன்னிக் கொத்தின் சுருள் மண்டலங்களை ஆராய்ந்து, பாதிக்கு மேற்பட்டவற்றில் விண்மீன் உருவாக்கம் விளிம்பில் வெட்டப்பட்டிருப்பதைக் காட்டினர். அவற்றில் பலவற்றின் உட்பகுதியில் பிறப்பு வழக்கம்போல் தொடர்கிறது.

இதே கொத்திலுள்ள என்ஜிசி 4522 மண்டலம் இங்கே தனிக் கவனம் பெற வேண்டியது. அதன் வாயு தட்டைவிட்டு வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. பழைய விண்மீன்களோ குலையாமல் இருக்கின்றன. அண்டை மண்டலத்தின் ஈர்ப்பு காரணமாயிருந்தால் விண்மீன்களும் கலைந்திருக்கும். ஆகவே காரணம் எதிர்க்காற்றே. ஆனால் இந்த மண்டலம் எம்87இலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. கொத்து வாயு அசையாமல் சீராகப் பரவியிருக்கிறது என்று கொண்டால், அத்தொலைவில் இவ்வளவு அழுத்தம் எழாது. கொத்து வாயுவே அங்கு கொந்தளித்து நகர்கிறது என்பதுதான் பொருத்தமான விளக்கம். மையத்திலிருந்து உள்ள தொலைவை மட்டும் வைத்துச் சூழலை அளந்தால் இந்த மண்டலம் புரியவே புரியாது.

ஜெல்லி மீன் மண்டலங்கள் எனப்படுபவை இதே செயல் உச்சத்தை எட்டிய நிலை. ஏபெல் 3627 கொத்தின் ஈஎஸ்ஓ 137-001இல் எக்ஸ் கதிர் வால் இரண்டு லட்சம் ஒளியாண்டுக்கும் மேல் நீள்கிறது. ஏபெல் 85இல் பாயும் ஜேஓ201ஐ இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கி படமெடுத்தபோது, பறிக்கப்பட்ட வாயுவிலேயே இளம் விண்மீன்கள் பிறந்திருப்பது தெரிந்தது. பியான்கா போஜ்ஜாந்தி தலைமையிலான காஸ்ப் ஆய்வு, இத்தகைய மண்டலங்களின் தட்டில் பிறப்பு வீதம் தற்காலிகமாகச் சற்று உயர்வதையும் காட்டியது. ஆகவே பறிப்பு தொடங்கியதும் பிறப்பு நின்றுவிடுவதில்லை.

இந்தக் கண்கவர் படங்களே முழுக் கதையையும் சொல்லிவிடுவதாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. லார்சன், டின்ஸ்லி, கால்டுவெல் மூவரும் 1980இல் வேறொரு வழியை முன்வைத்தனர்: மண்டலத்தைச் சூழ்ந்துள்ள வாயு உறை அகற்றப்பட்டால், புது வாயு உள்ளே விழுவது நிற்கிறது, இருப்பு தீரும்வரை விண்மீன்கள் பிறக்கின்றன. வரத்துக்கால் அடைபட்ட ஏரி, மதகு வழியே இன்னும் சில காலம் வயலுக்குப் பாய்வதைப் போன்றது இது. பெங், மையோலினோ, காக்ரேன் ஆகியோர் 2015இல் இதற்கு வேதியியல் தடயம் கண்டனர். புது வாயு கலக்காமல் பழைய வாயு மட்டும் செலவானால், பின்னால் பிறக்கும் விண்மீன்களில் கன தனிமங்கள் மிகும். ஓய்ந்த மண்டலங்களில் அப்படியே மிகுந்திருக்கின்றன. கிடைத்த கால அளவு சுமார் 400 கோடி ஆண்டு. அது பொதுவாக அண்மை மண்டலங்களைப் பற்றிய முடிவு, கொத்துகளை மட்டும் பற்றியதன்று. கொத்துகளுக்கு அதை அப்படியே நீட்டுவது பொறுப்பாகாது.

இரண்டையும் இணைக்கும் சான்று ஆண்ட்ரூ வெட்செல் குழுவின் 2013 ஆய்வில் இருக்கிறது. பெரிய அமைப்பில் விழுந்த துணை மண்டலங்கள் 200 முதல் 400 கோடி ஆண்டுகள் வரை மாற்றமின்றி விண்மீன்களை உருவாக்குகின்றன; பின்னர் 80 கோடி ஆண்டுகளுக்கும் குறைவான கால அளவில் விரைந்து ஓய்கின்றன. நீண்ட தாமதத்தில் வரத்து நிற்பதும், இறுதி வீழ்ச்சியில் எஞ்சியது தீர்வதோ பறிபோவதோ நடப்பதாகக் கொள்வதே பொருத்தம் என்று கருதுகிறேன். இந்தக் கடிகாரம் கொத்தில் நுழைந்த பின்தான் ஓடத் தொடங்குகிறது என்பதில்லை. பல மண்டலங்கள் முன்பே சிறு குழுக்களில் உறுப்பாகி வாயுவை இழந்தபடியே கொத்துக்கு வருகின்றன. கொத்தின் எல்லைக்கு வெகு வெளியிலேயே பிறப்பு வீதம் தாழத் தொடங்குவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஒரு மறுப்பு எழலாம்: அந்தத் தாமதம், மண்டலம் மையத்தை நோக்கி விழுந்து பலத்த அழுத்தத்தைச் சந்திக்க எடுக்கும் நேரமாக ஏன் இருக்கக்கூடாது? அப்படியெனில் அது பாதையைப் பொறுத்தது. மண்டலத்தின் நிறையைப் பெரிதாகச் சாராது. வெட்செல் குழு கண்டதோ வேறு. நிறை மிகுந்த துணை மண்டலங்கள் விரைவில் ஓய்கின்றன. அவற்றைத் தாங்கும் அமைப்பு சிறிதா பெரிதா என்பது கால அளவைக் குறிப்பிடும்படி மாற்றவில்லை. எதிர்க்காற்று மட்டுமே காரணமென்றால் பெரிய கொத்தில் வேகமும் வாயு அடர்த்தியும் கூடும்போது ஓய்வும் விரைந்திருக்க வேண்டும். ஈர்ப்பு வலுத்த பெரிய மண்டலங்கள் அதிக காலம் தாங்கியிருக்க வேண்டும். தரவு இரண்டுக்கும் மாறாக நிற்கிறது. தன் இருப்பை விரைவில் செலவழிக்கும் மண்டலம் விரைவில் வறண்டுபோகிறது என்ற விளக்கத்துடன் அது பொருந்துகிறது.