பாணும் குரக்கனும்: உணவு மாற்றத்தின் சமூக அடிப்படை பற்றிய ஒரு நோக்கு

உணவுப் பழக்கத்தைத் தனிமனித சுவையின் பாற்பட்டதாகவோ, ஓர் இனத்தின் மாறா இயல்பாகவோ கருதும் போக்கு நம்மிடையே இன்னும் வலுவாகவே உள்ளது. ஆயின் மனிதன் எதனை உண்கிறான் என்பது, அவன் எவ்வாறு உற்பத்தி செய்கிறான், நிலம் எவரிடம் உள்ளது என்னும் வினாக்களினின்றும் பிரிக்கக்கூடியதன்று. நெருப்பின் பயன்பாடும், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பயிர்ச்செய்கையும் மனித உழைப்பின் வரலாற்றுக் கட்டங்களே. இதனை, இலங்கையிற் கோதுமை மா பெற்ற இடத்தைக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

முதலில், மரபு என்பதே வரலாற்றுக்கு உட்பட்டது. நமது கறிக்கு இன்றியமையாத மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் வருகையின் பின்னரே இப்பகுதிகளிற் பரவியது. பாண் என்ற சொல்லும் போர்த்துக்கேய மொழி வழி வந்ததே. எனவே, உணவொன்று அந்நியமானதா என்பதன்று பிரச்சினை. மிளகாய் நமது கமக்காரனின் தோட்டத்தில் வேரூன்றியது; கோதுமையோ இங்கு பயிராவதில்லை. இவ்வேறுபாடே நமது கவனத்துக்குரியது.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாகக் கொண்டது. குரக்கனும் சாமையும் விளைந்தவை இத்தகைய சேனைகளிலேயே. கோப்பியும் பின்னர் தேயிலையும் மலைநாட்டை நிறைத்தன. தொழிலாளருக்கான அரிசி தென்னிந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது. உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்து, உண்பதற்கானதை அச்சந்தையிலேயே வாங்கும் பொருளாதாரம் இவ்வாறு உருவாயிற்று.

1942இல் பர்மா யப்பானியர் வசமானபோது இதன் பலவீனம் வெளிப்பட்டது. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. அதன் குறையைக் கோதுமை மா நிரப்பியது. தோட்டத் தொழிலாளரிடையே ரொட்டி நாளாந்த உணவாக நிலைபெற்றது. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அடுத்த ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்கா தனது மிகைத் தானியத்தைச் சலுகை அடிப்படையில் ஏற்றுமதி செய்ய 480ஆம் இலக்கப் பொதுச் சட்டத்தை இயற்றியது. பின்னர் இலங்கையும் அதன்வழிக் கோதுமை மா பெற்றது. 1980இல் சிங்கப்பூர் நிறுவனமொன்றின் மாவாலை திருகோணமலையில் இயங்கத் தொடங்கியது.

பாண் வெறுமனே திணிக்கப்பட்டது எனக் கூறுவது பிரச்சினையை எளிமைப்படுத்துவதாகும். விடியுமுன் வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு அது ஆயத்த உணவு. நெல்லுக் குற்றி, மா இடித்து, பிட்டு அவித்த பெண்களின் ஊதியமற்ற உழைப்பையும் அது ஓரளவு குறைத்தது. மக்கள் தம் தேவைக்கேற்பவே அதனை ஏற்றனர். ஆனால் அத்தேவைக்கான விடையைத் தீர்மானித்தது அவர்களல்லர்.

1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் ஓரளவு வளம் பெற்றனர். 1977இன் திறந்த பொருளாதாரம் அவ்வாய்ப்பைப் பறித்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றிய வேளை, பாணின் விலை ஏழைகளின் கைக்கெட்டாது உயர்ந்தது. ஒருகாலத்தில் வறியோர் உணவென இகழப்பட்ட குரக்கனோ, இன்று பொதியிடப்பட்டு, வசதி படைத்தோரின் ஆரோக்கிய உணவாக நகரத்துப் பேரங்காடிகளில் விற்பனையாகின்றது.

ஆகவே, பழைய உணவுக்குத் திரும்புவோம் என்ற ஏக்கம் மட்டும் தீர்வாகாது. குரக்கனும் பண்டமாகிவிட்ட சூழலில், தட்டில் இருப்பது பாணா குரக்கனா என்பதிலும் ஆழமான வினா ஒன்றுண்டு: நிலத்தையும் விதையையும் விலையையும் தீர்மானிப்போர் யார்? உழைக்கும் மக்கள் அவ்வதிகாரத்தைப் பெறும்வரை, அவர்களது உணவைப் பிறரே தெரிவு செய்வர்.