ஒளிச்சொற்கள் (இதழியல்)

தமிழ் இதழ்கள் பல ஒளியைப் பெயரிலேயே சூடிக்கொண்டு பிறந்தவை. 1841-இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய உதயதாரகை விடியலின் விண்மீனைக் குறித்தது; சுப்பிரமணிய சிவா நடத்திய ஞானபானுவிலும், கொழும்பில் 1932-இல் தோன்றிய தினகரனிலும் இருப்பது சூரியன். அறியாமை இருள், செய்தி விளக்கு என்ற நம்பிக்கை இப்பெயர்களில் உறைந்திருக்கிறது. அந்த நம்பிக்கைதான் இன்றைய செய்தி நடையில் ‘வெளிச்சத்துக்கு வந்தது’ என்ற தொடராகத் தேய்ந்து நிற்கிறது. முறைகேடோ குழந்தைத் திருமணமோ, எதுவும் தானே நடந்து வந்ததுபோல் இத்தொடர் காட்டுகிறது. புகார் கொடுத்த பெண்ணும், கோப்பைப் புரட்டிய தணிக்கையாளரும், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டவரும் வாக்கியத்திலிருந்து மறைந்துபோகிறார்கள். பழைய சொல்லான ‘அம்பலப்படுத்தினார்’ இதைவிட நேர்மையானது. அம்பலம் என்பது ஊர் கூடும் பொதுவிடம். அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் யார் என்பதை அந்த வினை கேட்டு வாங்கும்.

தகவல் தந்தவரைக் காக்கவே எழுவாய் மறைக்கப்படுகிறது என்பார்கள். சில செய்திகளில் அது உண்மை, கட்டாயமும்கூட. ஆனால் பெயரைச் சொல்லாமலே ‘ஊழியர் ஒருவர் அளித்த ஆவணங்களால் தெரியவந்தது’ என்று எழுத முடியும். ஒளியையும் இருளையும் நேர்ப்பொருளில் எழுதும்போதும் இதே கவனம் தேவை. ‘கிராமம் இருளில் மூழ்கியது’ என்பதைவிட, மின்மாற்றி பழுதாகி எத்தனை நாள், எத்தனை வீடுகளில் விளக்கு எரியவில்லை என்று எழுதினால், பதில் சொல்ல வேண்டிய அலுவலகம் எது என்பதும் வாசகருக்குப் புலப்படும்.