வெம்பிளி மைதானத்தில் ஓர் இலங்கையர்



1948ஆம் ஆண்டு என்றவுடன் நம் மாணவர் கூறும் விடை ஒன்றே. பெப்ரவரி 4ஆந் திகதி நாடு சுதந்திரம் பெற்றது என்பர். அதே ஆண்டு யூலை 31ஆந் திகதி நிகழ்ந்ததைக் கூறுவார் மிகச் சிலரே. அன்று லண்டன் மாநகரின் வெம்பிளி மைதானத்தில், 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் டங்கன் வைற் இரண்டாமிடம் பெற்று, இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தை ஈட்டித் தந்தார்.

அவ்வோட்டத்தின் அருமையைச் சிறிது நோக்குவோம். ஓடுபாதையிலே மூன்றடி உயரமான பத்துத் தடைகள் உள. முதலாவது தடை 45 மீற்றரில் நிற்கும். ஏனையவை 35 மீற்றருக்கு ஒன்றாக அமையும். வேகம் மட்டும் போதாது. ஒவ்வோர் இடைவெளியையும் எத்தனை அடியில் கடப்பது என்ற கணக்கும் வேண்டும். களைப்பினால் அக்கணக்குப் பிசகினால் வெற்றியும் கைநழுவும்.

அமெரிக்கரான ரோய் கொக்ரன் 51.1 செக்கனில் முதல்வரானார். வைற் எடுத்த நேரம் 51.8 செக்கன். அப்போட்டிக்கு முன்பிருந்த ஒலிம்பிக் சாதனை நேரம் 51.9 செக்கன் ஆதலின், இரண்டாமவரான வைற்றும் அதனை விஞ்சியவரே.

கண்டி திரித்துவக் கல்லூரியிற் கற்ற இவர் 1918இற் பிறந்தவர். 1940, 1944ஆம் ஆண்டுகளுக்குரிய ஒலிம்பிக் விழாக்களை உலகப்போர் விழுங்கிவிட்டது. உடலுரம் மிக்க இளமைப் பருவம் அவ்வாறு கழிய, முப்பது வயதிலேயே அவருக்கு அவ்வாய்ப்பு வாய்த்தது. 1950இல் ஒக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் 440 யார் சட்டவேலி ஓட்டத்தில் தங்கமும் வென்றார். 1998இல் இங்கிலாந்திலே காலமானார்.

1958இல் யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆனால் மற்றுமோர் ஒலிம்பிக் பதக்கத்துக்கு, 2000இல் சுசந்திகா ஜயசிங்க சிட்னியில் ஓடும்வரை நாடு 52 ஆண்டுகள் காத்திருந்தது.

போர் பறித்த ஆண்டுகள் எத்தகையன என்பதைத் தீவகத்தார் அறிவர். 1990இல் இடம்பெயர்ந்த புளியங்கூடற் பிள்ளைகளுள்ளும் வேகமான கால்கள் இருந்திருக்கும். அவற்றை அளக்க ஓடுபாதையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. இன்று நம் பாடசாலைகளிலே மெய்வல்லுநர்ப் போட்டிகள் மீண்டும் நடக்கின்றன. பயிற்சிக்குரிய மைதானமும் காலமும் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்வது நம் கடன். வைற்றின் இளமையைப் போர் கொண்டது. இவர்களின் இளமையை நம் அசட்டை கொள்ளலாகாது.