தொழிற்சாலை வாசலிலிருந்து பேச்சு மேசைக்கு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மார்சிலிங் வட்டாரவாசி. காலையில் எங்கள் புளோக்கின் கீழே நின்றால் வேலைக்குப் புறப்படும் கூட்டத்தைத்தான் முதலில் பார்க்கலாம். சீருடையோடு எம்ஆர்டி நிலையத்துக்கு விரைபவர்கள், ஜோகூரிலிருந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து வருபவர்கள், விடுதியிலிருந்து லாரியில் செல்லும் தமிழ்நாட்டுத் தம்பிகள் எனப் பல தரப்பினர். இவர்களில் ஒருவருக்கு முதலாளி சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால் அவர் எங்கே போவார்? யாரிடம் முறையிடுவார்?

"சிங்கப்பூரில் வேலைநிறுத்தமே கிடையாது, ஆகவே தகராறும் கிடையாது" என்று சிலர் சொல்வதுண்டு. இரண்டுமே சரியல்ல. இங்கே வேலைநிறுத்தங்கள் நடந்துள்ளன. தகராறுகள் இன்றும் எழுகின்றன. அவற்றைத் தீர்க்கும் இடம்தான் தொழிற்சாலை வாசலிலிருந்து பேச்சு மேசைக்கு மாறியது. அந்த மாற்றத்தில் தொழிலாளி எதைக் கொடுத்தார், எதைப் பெற்றார் என்பதே இன்று நான் பேச வந்த விஷயம்.

தபால்காரர்கள் தொடங்கிய கதை

1952 மே 13ஆம் தேதி. சுமார் 500 தபால்காரர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எதிரே இருந்தது பிரிட்டிஷ் காலனி அரசாங்கம். சங்கத்தின் சட்ட ஆலோசகராக முன்வந்தவர் லீ குவான் இயூ என்ற இளம் வழக்கறிஞர். 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் தொழிலாளர்களுக்கு ஆதரவாக எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான எஸ். ராஜரத்தினம். இரண்டு வாரங்களில் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. பேச்சுவார்த்தையில் தபால்காரர்களுக்குப் பலன் கிடைத்தது.

ராஜரத்தினத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் அவரைச் சந்திக்கப் போகிறோம்.

அடுத்த சில ஆண்டுகள் கொந்தளிப்பானவை. 1955ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 275 வேலைநிறுத்தங்கள் நடந்தன. அதே ஆண்டு மே மாதம் ஹோக் லீ பேருந்து நிறுவனத் தகராறு கலவரமாக வெடித்து நான்கு உயிர்களைப் பறித்தது. கோரிக்கை நியாயமானதாக இருந்தாலும் அதைக் கேட்கும் வழி தொழிற்சாலை வாசல் ஒன்றாகவே இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

1960: நடுவர் நீதிமன்றம்

1959இல் சுயாட்சி கிடைத்தது. மறு ஆண்டே தொழிலுறவுச் சட்டம் வந்தது. அதன்படி சங்கமும் முதலாளியும் முதலில் நேருக்கு நேர் பேச வேண்டும். உடன்பாடு வராவிட்டால் தொழில் அமைச்சு அதிகாரி சமரசம் செய்வார். அதுவும் பலிக்காவிட்டால் தொழில் நடுவர் நீதிமன்றம் விசாரிக்கும். அங்கே தலைவரோடு முதலாளிகள் தரப்பிலிருந்து ஒருவரும் தொழிலாளர் தரப்பிலிருந்து ஒருவரும் அமர்வர். முதல் தலைவராகப் பொருளியல் அறிஞர் சார்ல்ஸ் கம்பா பொறுப்பேற்றார். வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொண்ட பிறகு அந்தத் தகராறுக்காக வேலைநிறுத்தம் செய்யக்கூடாது.

தொழிலாளி வாசலில் நிற்கும் உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். அதற்குப் பதிலாக, முதலாளியையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அவருக்குக் கிடைத்தது.

கடற்படைத் தளம் கைமாறியபோது

எங்கள் வட்டாரத்துக்குச் சற்றுக் கிழக்கே செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது. மலையாளிகளும் தமிழர்களும் பெருந்தொகையாக அங்கே வேலை செய்தனர். 1968 ஜனவரியில், 1971 முடிவுக்குள் படைகளை மீட்டுக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது. அப்போது நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களைச் சார்ந்திருந்தது. எத்தனை குடும்பங்கள் அந்தச் செய்தியைக் கேட்டுத் தூக்கமிழந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கப்பல் பட்டறை செம்பவாங் கப்பல் தளமாக மாறியது. ஆனால் எல்லாருக்கும் வேலை கொடுக்க வெளிநாட்டு முதலீடு தேவைப்பட்டது. அந்த நெருக்கடியில்தான் 1968ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டமும் தொழிலுறவுச் சட்டத் திருத்தமும் வந்தன. வாரத்துக்கு 44 மணி நேர வேலை என்று வகுக்கப்பட்டது. பதவி உயர்வு, இடமாற்றம், ஆள் சேர்ப்பு, பணிநீக்கம், வேலைப் பங்கீடு ஆகியவை முதலாளியின் அதிகாரம் என்றும், கூட்டுப் பேரத்தில் சங்கம் அவற்றைக் கேட்க முடியாது என்றும் ஆனது.

அப்போது தொழில் அமைச்சர் யார் தெரியுமா? அதே ராஜரத்தினம்! 1952இல் வேலைநிறுத்தக்காரர்களுக்காகப் பேனா பிடித்தவர், 16 ஆண்டுகள் கழித்துச் சங்கங்களின் எல்லையைக் குறுக்கும் சட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். இதைத் துரோகம் என்பாரும் உண்டு, தூரப்பார்வை என்பாரும் உண்டு. வேலையே இல்லாமல் போனால் உரிமை பற்றிப் பேச இடமேது என்ற அச்சம் அந்தக் காலத்தில் உண்மையானது என்பதை மட்டும் நாம் மறுக்க முடியாது.

தொழிற்சங்க இயக்கமும் பாதையை மாற்றிக்கொண்டது. தேவன் நாயர் தலைமையில் 1969 நவம்பரில் என்டியுசி நடத்திய கருத்தரங்கு, மோதலைவிட ஒத்துழைப்பே வழி என்று முடிவு செய்தது. 1972இல் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் அமரும் தேசிய சம்பள மன்றம் உருவானது. பொருளியல் பேராசிரியர் லிம் சோங் யா அதற்குத் தலைமை தாங்கினார்.

ஆனாலும் வேலைநிறுத்த உரிமை சட்டத்திலிருந்து அகற்றப்படவில்லை. 1986 ஜனவரியில் ஹைட்ரில் என்ற அமெரிக்க நிறுவனத்தில் 61 தொழிலாளர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அனுமதி கொடுத்தவர் என்டியுசி தலைமைச் செயலாளராகவும் துணைப் பிரதமராகவும் இருந்த ஓங் டெங் சியோங். அமைச்சரவையிடம் சொல்லாமலேயே அனுமதித்ததாக அவர் பின்னாளில் கூறினார். இரண்டே நாளில் தீர்வு பிறந்தது.

மேசையில் இடம் இல்லாதவர்கள்

அதன்பின் 26 ஆண்டுகள் அமைதி. 2012 நவம்பர் 26ஆம் தேதி அது கலைந்தது. எஸ்எம்ஆர்டி நிறுவனத்தின் சீன நாட்டுப் பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர் வேலைக்குச் செல்ல மறுத்தனர். அவர்களில் பலர் தங்கியிருந்தது எங்கள் உட்லண்ட்ஸ் வட்டார விடுதியில்தான். மலேசிய ஓட்டுநர்களைவிடக் குறைந்த சம்பளம், விடுதியில் மூட்டைப்பூச்சித் தொல்லை ஆகியவை அவர்களின் மனக்குறைகள். பேருந்துப் போக்குவரத்து அத்தியாவசியச் சேவை என்பதால் 14 நாள் முன்னறிவிப்பு தேவை. அவர்கள் அதைக் கொடுக்கவில்லை. ஐவர் சிறை சென்றனர், 29 பேர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

சட்டத்தை மீறியது தவறுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தொழிற்சங்கத்தில் உறுப்பினர்களாக இல்லை. அரை நூற்றாண்டாக நாம் கட்டிய பேச்சு மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை என்பதே இதன் பொருள். தகராறு இல்லாததால் ஊர் அமைதியாக இருக்கிறதா, அல்லது முறையிட வழி தெரியாததால் அமைதியாக இருக்கிறதா? விடுதியில் இருக்கும் நம் தம்பிகளைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

காலக்கெடுவை மறவாதீர்கள்

வழி பிறகு விரிவாக்கப்பட்டது. 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயமானது. 2017 ஏப்ரலில் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியும் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றமும் தொடங்கின. முதலில் கூட்டணியில் சமரசப் பேச்சு நடக்கும். அங்கே முடியாவிட்டால் வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போகும். மன்றத்தில் வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. ஆகவே செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சங்க உறுப்பினராக இல்லாதவரும், வெளிநாட்டு ஊழியரும் இந்தக் கதவைத் தட்டலாம். 2019இல் நிர்வாகிகளும் மேலாளர்களும் வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வந்தனர். நியாயமற்ற பணிநீக்க வழக்குகளும் நடுவர் மன்றத்துக்கு வந்தன. இனம், மொழி, வயது போன்றவற்றால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. புகாரை விசாரிக்கும் முறை நிறுவனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

ஆனால் காலக்கெடு உண்டு. வேலையிலிருந்து விலகியவர் சம்பளப் பாக்கிக்கு ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். நியாயமின்றி நீக்கப்பட்டவருக்கு ஒரே மாதம்தான். "முதலாளி நல்லவர், அடுத்த மாதம் கொடுத்துவிடுவார்" என்று காத்திருந்தே உரிமையை இழந்துவிடக் கூடாது. சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வேலை நேரக் குறிப்பு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ் மட்டுமே தெரிந்த தம்பி ஒருவர் உங்களிடம் விவரம் கேட்டால், அவருக்கு மனு எழுத ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1952இல் தபால்காரர்களுக்கு ஒரு வழக்கறிஞரும் ஒரு பத்திரிகையாளரும் துணை நின்றார்கள். வழி தெரியாதவருக்கு அத்தகைய துணை இன்றும் தேவை. அந்தத் துணையாக நாம் ஒவ்வொருவரும் இருக்க முடியும்.