தெருவை விற்க முடியுமா?

கோடம்பாக்கத்தில் ஒரு காலத்தில் காலையில் ஒரு தெரு பிறக்கும், சாயங்காலம் செத்துப்போகும். ஏவி.எம். காரைக்குடியிலிருந்து இங்கே வந்தது 1948-ல். பக்கத்திலேயே வாஹினி. ஆர்ட் டைரக்டர் சொன்னால் போதும், அக்ரஹாரம், கடைத்தெரு எல்லாம் எழும்பி நிற்கும். படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துப் போட்டுவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்க முடியாது. அந்தத் தெரு ஸ்டூடியோ முதலாளியின் சொந்தச் சொத்து.

ஸ்டூடியோ கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் இருக்கிறதே நிஜத் தெரு, அது யாருடையது?

மாநகராட்சியுடையது என்போம். பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் தெரு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். வயலோ தோப்போ பழைய ஸ்டூடியோ நிலமோ, மனைகளாகப் பிரிக்க ஒருவர் அனுமதி கேட்கிறார். சரி, நடுவிலுள்ள சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படையுங்கள் என்கிறது விதி. ஒப்படைக்கிறார். தனியார் நிலம் பொதுத் தெருவாகிவிட்டது. செலவுக் கணக்கில் நிலத்தின் விலை பூஜ்யம்.

இந்த வண்டி ரிவர்ஸில் போகுமா? பொதுத் தெரு மறுபடி ஒரு தனியாரின் கைக்குப் போக முடியுமா?

இதற்கு விடை தேட ஒரு பழைய மதுரை வழக்குக்குப் போகவேண்டும். சுந்தரம் ஐயர் என்பவருக்கும் மதுரை நகராட்சிக்கும் இடையே நடந்தது. 1902-ம் வருடத்து சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பாஷ்யம் ஐயங்கார்.

தெருக்கள் நகராட்சியிடம் 'வெஸ்ட்' ஆகும் என்கிறது சட்டம். அப்படியென்றால் நகராட்சி அதற்கு முதலாளியா? இல்லை என்றார் பாஷ்யம் ஐயங்கார். தெருவாகப் பராமரிக்க எவ்வளவு வேண்டுமோ, மேல்பரப்பும் கொஞ்சம் அடிமண்ணும் கொஞ்சம் ஆகாயமும், அவ்வளவுதான் நகராட்சியின் பொறுப்பு. அதுவும் தெரு தெருவாக இருக்கிறவரைக்கும். சுருக்கமாகச் சொன்னால் காவல்காரர். முதலாளி அல்ல.

இதே கதை இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது. டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊரில் நகர நிர்வாகம் தெருவுக்கு அடியில் தோண்டிக் கழிப்பறை கட்டியது. பக்கத்து நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். தெரு உன் பொறுப்பு, பாதாளம் வரை உன்னுடையது அல்ல என்று 1896-ல் பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது.

சரி, அப்படியானால் தெருவை விற்கவே முடியாதா? முடியும். அதற்கும் ஒரு வாசல் வைத்திருந்தார்கள். தெருவை முறைப்படி நிரந்தரமாக மூடினால், தேவையில்லாத இடத்தை மாமன்றம் கைமாற்றலாம், பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்றது 1919-ம் வருடத்து சென்னை மாநகராட்சிச் சட்டம். (2023 ஏப்ரலில் அதன் இடத்துக்குப் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் வந்துவிட்டது.) வரிசையைக் கவனியுங்கள். முதலில் மூடவேண்டும். பிறகுதான் விற்பனை. ஓடிக்கொண்டிருக்கும் தெருவை ஏலம் போட முடியாது.

முறைப்படி விற்றால் மட்டும் தலைவலி தீருமா? அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி விற்றுப் பார்த்தது. 1999-ல் ஊரின் மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு துண்டை மார்மன் திருச்சபைக்குக் கொடுத்தார்கள். விலை 81 லட்சம் டாலர். ஜனங்கள் நடந்துபோகும் உரிமையை மட்டும் நகரம் கையில் வைத்துக்கொண்டது. ஆனால் அங்கே கோஷம் போடக்கூடாது, நோட்டீஸ் கொடுக்கக்கூடாது என்று நிபந்தனைகள். வழக்கு வந்தது. ஜனங்கள் நடக்கிற பாதை என்றால் அவர்கள் பேசுகிற பாதையும்தான் என்று 2002-ல் அப்பீல் கோர்ட் சொன்னது. நகரம் என்ன செய்தது தெரியுமா? 2003-ல் நடக்கும் உரிமையையும் விட்டுக் கொடுத்துவிட்டு, வேறொரு பகுதியில் சமூக மையம் கட்ட நிலமும் பணமும் வாங்கிக்கொண்டது! முதலில் தார், பிறகு பாதசாரி.

அங்கேயாவது பத்திரம் இருந்தது, கோர்ட் இருந்தது, பத்திரிகையில் செய்தி வந்தது. நம்மூரில் தெரு கைமாறப் பத்திரமே வேண்டாம். முதலில் நாலு பூந்தொட்டி. அப்புறம் சங்கிலி. அப்புறம் ஒரு கேட். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாட்ச்மேன் நாற்காலி. 'யாரைப் பார்க்கணும் சார்?' என்று அவர் கேட்கிற அன்றைக்குத் தெரு கைமாறிவிட்டது.

வெள்ளைக்காரர்களுக்கும் இந்தத் தந்திரம் தெரிந்திருந்தது. அதனால்தான் பறிபோன தெருவை மீட்க உள்ளாட்சி வழக்குப் போடும் காலக்கெடுவை 1900-ல் 30 வருடமாக நீட்டினார்கள். 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்திலும் அதே 30 தான். தனியாருக்குள் நிலத் தகராறு என்றால் வெறும் 12. தெருவுக்கு இரண்டரை மடங்கு! ஏனென்றால் தன் வீட்டைப் பறிகொடுத்தவன் மறுநாளே கத்துவான். தெருவைப் பறிகொடுத்த ஊர், சுற்றிக்கொண்டு போகப் பழகிவிடும்.

30 வருடம் கேட்க நீளமாகத்தான் இருக்கிறது. ஒரு பூந்தொட்டிக்கு அது பெரிய வயது ஒன்றும் இல்லை. நகர நில அளவைப் பதிவேட்டில் உங்கள் தெரு எந்தப் பெயரில் இருக்கிறது, அகலம் எத்தனை அடி? ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி இல்லாத சொத்துக்குக் காவல்காரரும் தூங்கிவிட்டால், கணக்கு கேட்க வேண்டியது அதில் நடக்கிறவர்கள்தான்.