குத்துக்கல்லுக்கு ஏது பிறந்தநாள்?

ஆகஸ்ட் வந்தால் சென்னையில் எனக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போச்சு. காலை ஆறரைக்கெல்லாம் ஜார்ஜ் டவுனிலோ மயிலாப்பூரிலோ, கதை சொல்பவர் பின்னால் ஒரு கூட்டத்தோடு நடந்துகொண்டிருப்பேன்.

1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் எழுதித் தரப்பட்டது. அதையே மெட்ராஸின் பிறந்தநாளாக வைத்து, எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசூசா மூவரும் 2004இல் மெட்ராஸ் தினத்தைத் தொடங்கினார்கள். மயிலாப்பூரோ அந்தப் பத்திரத்தைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.

"நம்ம ஊருக்கு என்னைக்கு ஆச்சி பொறந்தநாள்?"

"போலே, குத்துக்கல்லுக்கு ஏதுலே பொறந்தநாளு!"

எங்கள் ஊர் தென்காசி பக்கம் குத்துக்கல்வலசை. பத்திரம் கிடையாது, பெயர்தான் உண்டு. குத்துக்கல் என்றால் நட்டுக்குத்தாக நிற்கும் கல். வலசை என்றால் இடம்விட்டு இடம் போவது. நகராத ஒன்றும் நகர்ந்து வந்தவர்களும் ஒரே பெயருக்குள் இருக்கிறார்கள்.

பக்கத்தில் தென்காசி காசி விசுவநாதர் கோயில். 1446இல் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதைப் பழுதுபார்த்துக் காப்பவர்களின் காலில் விழுகிறேன் என்று கல்லிலேயே எழுதிவைத்தான். பல காலம் சிதைந்து கிடந்த ராஜகோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தது. கோயிலுக்காகக் கெஞ்ச ஒரு ராஜா இருந்தான். தெருவுக்கு?

பொங்கல் லீவில் ஆச்சியையும் நாலு பொடியன்களையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். தூர்ந்த கிணறு, பிரித்த திண்ணை, யார் வீட்டுக் கல்யாணம் எங்கே நின்றது எல்லாம் சொன்னாள். மூன்றாவது தெருவில் முட்டு வலி. திரும்பிவிட்டோம்.

மீதித் தெருக்களைச் சொல்ல வேறு ஆளில்லை. அடுத்த மாசமே டிக்கெட் போட்டிருக்கிறேன்.